தலைகீழ்க் குருவிகள்

“அப்பா, அந்தக் குருவியெல்லாம் ஏன் தலைகீழா தொங்குது?”

ஏணி மேல் நின்று, சுவரில் ஒட்டிய மூன்றாவது தாளின் ஓரத்தை ஈரத்துணியால் நீவிக்கொண்டிருந்த சர்வேயர் திரும்பிப் பார்க்கவில்லை. இருபத்தாறு வருடங்களாக ஊரார் நிலத்தையெல்லாம் அளந்து கல் நட்டவர் அவர். அவர் வேலையில் தப்பு கண்டுபிடித்தவர்கள் நிறையப் பேர் உண்டு. அதை அவர் ஒப்புக்கொண்டதாகத்தான் தகவல் இல்லை.

“டிசைனே அப்படித்தான். உனக்கு என்ன தெரியும்?”

“கால் மேல, தலை கீழ. வௌவால்தான்பா அப்படித் தூங்கும்.”

சர்வேயர் ஏணியிலிருந்து இறங்கி, நாலு அடி பின்னால் போய்ப் பார்த்தார். கொடி, இலை, மாதுளை, நடுநடுவே குருவி. மூன்று தாள்களிலும் ஒரு குருவி விடாமல் கூரையில் கால் ஊன்றி, தரையைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தது.

எல்லாம் அவர் மனைவியின் அக்காவால் வந்தது. போன வாரம் அக்கா வீட்டுக்குப் போய்வந்த மனைவி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் வாயைத் திறந்தாள்.

“அக்கா வீட்டுக் கூடத்துச் சுவரப் பாத்தீங்களா? நூத்தம்பது வருஷத்துக்கு முந்தின டிசைனாம். அந்தக் காலத்து மாளிகையில இருந்ததாம். தோட்டத்துக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு. நம்ம வீட்டுச் சுவர் எப்படி இருக்கு?”

“வெள்ளையா இருக்கு. சுத்தமா இருக்கு.”

“ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு. அடுத்த ஞாயித்துக்கிழமை அக்கா நம்ம வீட்டுக்கு வர்றா.”

அத்தோடு பேச்சு முடிந்தது. மறுநாள் இருவரும் வால்பேப்பர் கடையில் நின்றார்கள். கடைக்காரர் ஆல்பத்தைப் பிரித்து, கோயில் கதவைத் திறப்பது போல ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார்.

“பழைய மரக்கட்டை அச்சைப் பாத்து அப்படியே எடுத்த நகல் மேடம். ஒவ்வொரு இலையும் அந்த அச்சைச் செதுக்கின ஆள் தோட்டத்துல போய் உக்காந்து வரைஞ்சது. ஒட்டுறதுக்கு நம்ம ஆளை அனுப்பட்டுமா சார்?”

“எதுக்கு? ஊரையே அளந்தவனுக்கு நாலு சுவர் ஒட்டத் தெரியாதா?” என்றார் சர்வேயர்.

அளவில் ஒரு குறையும் சொல்ல முடியாது. முக்காலியும் கருவியுமாக அலுவலகத்தையே வீட்டுக்குக் கொண்டுவந்து, தூக்குக்குண்டு கட்டி, கோடு போட்டுத்தான் ஒட்டினார். கோடு மயிரிழை பிசகவில்லை. குருவிகள்தான் பிசகிவிட்டன.

சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மனைவி கைப்பையைக்கூட வைக்காமல் சுவரைப் பார்த்தாள். அவள் ஆசிரியை. தப்பான விடையைப் பார்த்தால் சிவப்புப் பேனாவைத் தேடுகிற கை அவளுடையது.

“பிரிச்சு எடுங்க.”

சர்வேயர் முதல் தாளின் ஓரத்தைக் கெட்டியாகப் பிடித்து இழுத்தார். பசை உசத்தியான பசை. தாள் வரவில்லை, சுவர் வந்தது. உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து அவர் கால் மேலேயே விழுந்தது.

கடைக்குப் போன் செய்தார்கள். “அந்த டிசைன் தீர்ந்துபோச்சு சார். இனிமே மூணு மாசம் ஆகும்” என்றார் கடைக்காரர்.

“மிச்சத்தையும் தலைகீழாவே ஒட்டிடுவோம். எல்லாம் ஒரே மாதிரி இருந்தா யாருக்குத் தெரியும்?” என்றார் சர்வேயர்.

“எங்க அக்காவுக்குத் தெரியும்.”

ஆகவே மீதித் தாள்களை நேராக ஒட்டினார். ஒரு சுவரில் மூன்று வரிசைக் குருவிகள் சிரசாசனம் செய்தன. மற்ற குருவிகள் அதை வேடிக்கை பார்த்தன. முன்பாவது ஒரு குற்றம்தான் இருந்தது. இப்போது பக்கத்திலேயே சாட்சியும் வந்து உட்கார்ந்துகொண்டது.

“அந்த இடத்துக்கு ஒரு திரை போட்டுடலாம்” என்றார் சர்வேயர்.

“அங்க ஜன்னலே இல்லையேப்பா” என்றாள் மகள்.

“ஜன்னல் இல்லன்னு திரைக்குத் தெரியவா போகுது?”

அதே கடையில் அதே டிசைனில் துணி இருந்தது. காகிதம் தீர்ந்த கடையில் துணி மட்டும் தீரவே தீராது போலிருந்தது. ஜன்னல் இல்லாத சுவருக்குக் கூரையிலிருந்து தரை வரை திரை வந்தது. திரை வந்ததும் பழைய பழுப்பு சோபா அநாதை போலத் தெரிந்தது. அதற்கும் அதே துணியில் உறை தைத்தார்கள். உறைக்குப் பொருத்தமாகத் தலையணைகள். தலையணைகளுக்குப் பொருத்தமாக மேஜை விரிப்பு. வெள்ளிக்கிழமைக்குள் வீட்டில் மாதுளை காய்க்காத இடமாக மிஞ்சியது குளியலறை மட்டும்தான்.

அன்று மாலை மனைவி கேட்டாள்: “ஏங்க, லைட் சுவிட்ச் எங்க?”

சர்வேயருக்கு வேர்த்தது. சுவரைச் சீராக ஒட்டுகிற ஆர்வத்தில் சுவிட்சின் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, சுவிட்ச் மேலேயே ஒட்டிவிட்டிருந்தார். காதைச் சுவரில் வைத்து, நோயாளி நெஞ்சைத் தட்டுகிற டாக்டர் போலத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

“மெயின நிறுத்து. இங்கதான் இருக்கு” என்று கத்தியால் சதுரமாக அறுத்தார். வெறும் சுவர்.

“அளந்து பாருங்கப்பா.”

அளந்து பார்த்து அறுத்தார். அதுவும் வெறும் சுவர்தான். மகள் அளக்காமல் காட்டிய இடத்தில் சுவிட்ச் இருந்தது. அதற்காக அவளை அவர் அன்று முழுக்க மன்னிக்கவில்லை.

இரண்டு ஓட்டைகளையும் அடைக்க மீந்த துண்டுகளிலிருந்து இரண்டு குருவிகளை வெட்டி ஒட்டினார். ஒன்று சுமாராக உட்கார்ந்துகொண்டது. இன்னொன்று ஏற்கெனவே இருந்த குருவியின் கழுத்தில் போய் முளைத்தது.

“இரட்டைத் தலைக் குருவி. அந்தக் காலத்துல இருந்திருக்கும்” என்றாள் மகள்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு அக்காவும் அவள் கணவரும் வந்தார்கள். சர்வேயருக்குச் சகலையான அந்த மனிதர் பேசி யாரும் அதிகம் கேட்டதில்லை. அக்கா பேசி முடித்தால்தானே அவர் பேச.

அக்கா கூடத்துக்குள் வந்து நின்று நாலாபுறமும் பார்த்தாள். “தங்கச்சி எங்க? ஆளையே காணோம்?”

“இங்கதான்க்கா நிக்கிறேன்” என்றாள் மனைவி. விசேஷமாக உடுத்தியிருந்த பச்சைப் பூப்போட்ட சேலையோடு அவள் திரைக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தாள்.

அக்கா கையால் தடவிப் பார்த்து, சோபா என்று உறுதி செய்துகொண்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் முகத்துக்கு விசிறிக்கொண்டாள்.

“என்னடி, காத்தே வரல? அந்த ஜன்னலத் திறந்தா என்ன?”

“வேண்டாம்க்கா, தூசி வரும்...”

“தூசி வந்தா வரட்டும்” என்று எழுந்தவள், யாரும் தடுப்பதற்குள் திரையைச் சரக்கென்று ஒதுக்கினாள்.

ஜன்னல் இல்லை. மூன்று வரிசைக் குருவிகள் தலைகீழாக அவளைப் பார்த்தன.

மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு வார உழைப்பும் ஒரு ஆயுள் மானமும் போகப் போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த முகத்தைப் பார்த்ததும் சர்வேயருக்கு எங்கிருந்தோ துணிச்சல் வந்தது. எல்லைத் தகராறில் இரு தரப்பும் அரிவாளோடு நிற்கும்போது பேசுகிற குரல் அது.

“அதுதான் இதுல ரொம்ப அபூர்வமான பகுதி. பழத்தக் கொத்துற குருவி தலைகீழாத்தானே தொங்கும்? வெயில் பட்டா சாயம் போயிடும்னு திரை போட்டு வச்சிருக்கோம். எல்லாருக்கும் காட்டுறதில்ல.”

அக்கா கிட்டப் போய் ஒரு குருவியை உற்றுப் பார்த்தாள். தெரியாது என்று சொல்வது அவள் வழக்கமில்லை.

“தெரியும், தெரியும். கடையில எனக்கும் இதத்தான் முதல்ல காட்டினான். நான்தான் சாதாரண ரகம் போதும்னு விட்டுட்டேன்” என்றாள். குரலில் லேசாக எரிச்சல் இருந்தது. பிறகு திரையைத் தானே மெதுவாக மூடினாள், சாயம் போய்விடாமல்.

தங்கை கண்ணைத் திறந்தாள். கல்யாணமான நாளிலிருந்து கணவரை அவள் அப்படிப் பார்த்ததில்லை. “வாக்கா, உள்ள வந்து டீ போடலாம்” என்று அக்காவின் தோளில் கை போட்டு, ராணி போல நடந்து அழைத்துப் போனாள்.

சர்வேயர் சோபாவில் சாய்ந்து, நீண்ட மூச்சு விட்டார். சகலை மட்டும் சுவரோரமாக நின்று, தாளின் மேல் உள்ளங்கையை வைத்து அங்குலம் அங்குலமாகத் தடவிக்கொண்டிருந்தார். ரசிக்கிறார் என்று சர்வேயருக்குப் பெருமையாக இருந்தது.

சமையலறைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, சகலை அருகில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“வெளிய சொல்லாதீங்க சகலை, எங்க வீட்டுச் சுவர் பூரா ஈரம் ஏறிப் பூஞ்சை பிடிச்சுப்போச்சு, அத மறைக்கத்தான் இந்தக் கருமத்த ஒட்டினோம்... உங்க வீட்ல எத மறைக்க ஒட்டினீங்க?”