மிளகுத் தட்டில் ஒரு 'ழ'

பொறுமை இல்லாதவன் பிள்ளைக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்கக் கூடாது. மீறினால் என்ன ஆகும் என்பதற்கு என் கண்களே சாட்சி (அன்று மத்தியானம் மட்டும் அவை சாட்சி சொல்லும் நிலையில் இல்லை).

என் மகள் மதிக்கு டிஸ்லெக்சியா. அப்போது நாலாம் வகுப்பு. எதைச் சொன்னாலும் சட்டென்று புரிந்துகொள்வாள். எழுத்துகள் மட்டும் அவளுக்கு இடம் மாறி நிற்கும். காளப்பநாயக்கன்பட்டியில் ஒரு பயிற்சி டீச்சர், வீட்டிலேயே செய்ய இரண்டு விஷயம் சொன்னார். தட்டில் ரவையைப் பரப்பி, ஒலியைச் சொல்லிக்கொண்டே விரலால் எழுத வைக்க வேண்டும். படிக்கும்போது அவசரப்படுத்தவோ, நாமே முந்திக்கொண்டு சொல்லிவிடவோ கூடாது. முதலாவதைக் குறித்துக்கொண்டேன். இரண்டாவதைச் சொல்லும்போது எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் மனைவி செல்வி சந்தைக்குப் போயிருந்தாள். வீட்டிலிருந்த ரவை காலையிலேயே உப்புமாவாகிவிட்டது. (உப்புமாவில் எழுதலாமா என்றுகூட யோசித்தேன்.) எங்கள் தோட்டத்து மிளகை அரைத்து வைத்திருந்த டப்பா கண்ணில் பட்டது. எவர்சில்வர் தட்டில் கறுப்புப் பொடி, எழுத்து பளிச்சென்று தெரியும். என் மூளையை நானே மெச்சிக்கொண்டு பரப்பினேன்.

மதி தள்ளி உட்கார்ந்தாள். "நீங்க எழுதிக் காட்டுங்கப்பா."

வளைத்து வளைத்து 'ழ' போட்டேன். தும்மினேன். தும்மலோடு வந்த கண்ணீரை அதே விரலால் துடைத்தேன்.

நான் போட்ட கூச்சலில் மதி அம்மாவுக்குப் போன் செய்தாள். "அப்பா கண்ணுல மிளகு" என்பதற்குள் சிக்னல் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் மெசேஜ் வந்த சத்தம் கேட்டது.

"அம்மா என்ன போட்டிருக்கா? படி கண்ணு, சீக்கிரம்."

"கண்... ணைத்... தேய்..."

இரண்டு கையாலும் தேய்த்தேன். எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது.

"தேய்ச்சிட்டேன். அப்புறம்?"

"இருங்கப்பா, இன்னும் எழுத்து இருக்குது. அவசரப்படுத்தக் கூடாதுன்னு டீச்சர் சொன்னாங்கல்ல."

முந்திக்கொண்டு சொல்ல எனக்குத்தான் எதுவும் தெரியவில்லையே. துண்டை எடுத்து இன்னும் அழுத்தித் தேய்த்தபடி காத்திருந்தேன்.

"க்கா... தீங்... க. தேய்க்காதீங்க."

கையை எடுத்தேன்.

"தண்... ணி... ஊத்... துங்க." படித்து முடித்து, அவளே சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள்.

செல்வி அரக்கப்பரக்க வந்தபோது என் முகம் தக்காளியாக வீங்கியிருந்தது. மதி போனை நீட்டினாள். "அம்மா, நானே முழுசாப் படிச்சேன்."

நான் குறுக்கே புகாமல் அவள் படித்த முதல் வரிகள் அவை. செல்வி அப்படியே தரையில் உட்கார்ந்து, இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். என் கண்ணை அதற்கப்புறம்தான் பார்த்தாள்.

இப்போது மதி ஆறாவது. மெதுவாகத்தான் படிக்கிறாள், ஆனால் முடித்துவிடுகிறாள். நான்தான் தேறவில்லை. போன வாரம் செல்வியின் அண்ணன், "வண்டிய எடு..." என்று ஆரம்பித்ததுமே அவருடைய பைக்கில் ஏறி சாவியைத் திருகிவிட்டேன்.

"ஏனுங்க, அடுத்த எழுத்து வரட்டுமுங்க" என்றாள் செல்வி. மதி விழுந்து விழுந்து சிரித்தாள்.

மச்சான் முடித்தார்: "...க்காதீங்க மாப்ள. பிரேக் புடிக்கல."