கரண்டு மண்டோர் எடுத்த பெரட்டு

நெகிரி செம்பிலானில் கைக்கும் காலுக்கும் பெயர் கூப்பிட்டுப் பெரட்டு எடுத்த ஒரே மனிதர் கரண்டு மண்டோர்தான்.

பெடாஸ் பக்கம் எங்கள் செம்பனைத் தோட்டத்தில் முப்பது வருடம் வேலையாட்களை மேய்த்த மண்டோர். விடிந்தால் விசில், பெயர்ப் புத்தகம், ஏச்சு; அதுதான் பெரட்டு. ஓய்வு பெற்றதும் ஒரு சீன வைத்தியரிடம் ஊசி குத்தக் கற்றுக்கொண்டார். ஊசியில் மாட்டிக் கரண்டு விட ஒயர், திருகு வைத்த சின்ன பேட்டரிப் பெட்டி எல்லாம் வாங்கினார். விசிலையும் புத்தகத்தையும் மட்டும் விடவில்லை.

மாலை ஐந்துக்கு அவர் வீட்டு வாசலில் விசில். பிந்தி வரும் நோயாளியைத் திருப்பி அனுப்பிவிடுவார். ஒருநாள் லாரிக்காரர் ஒருவர் கெஞ்சினார்.

"இடுப்பு வலி மண்டோரே. மெதுவாத்தான் நடக்க முடியுது."

"அப்ப முன்னாடியே கெளம்பணும் லா."

எனக்கு வலது தோள். குலை வெட்டும் நீளக் கம்பைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. மாதக் கடைசித் திங்களன்று தூக்கிக் காட்டு, இல்லையென்றால் வேலை இல்லை என்று மேனேஜர் சொல்லிவிட்டார். வேலை போனால் தோட்டத்து வீடும் போகும். வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள்.

மண்டோர் புது ஊசிகளைப் பிரித்துக் குத்தினார். ஒயரை மாட்டித் திருகைத் திருப்பினார்.

"கட்டவெரலு!" விரல் துடித்தது. "வந்துட்டான்." புத்தகத்தில் ஒரு கோடு.

"மொழங்கை!" துடித்தது. கோடு.

"தோளு!"

அசையவில்லை.

"வலிக்குது மண்டோரே."

"நீ பேசாத. நான் அவனக் கூப்புடுறேன். தோளு!"

ஒன்றும் இல்லை. பெரிய சுழி போட்டார். "பொந்தெங். வேலைக்கு வராம எங்கயோ படுத்துக் கெடக்கான், கள்ளப்பய."

தினமும் போனேன். தினமும் சுழி. அவரும் விடவில்லை, நானும் விடவில்லை. அந்தத் திங்களுக்கு முந்திய சனிக்கிழமை தோள் குதித்தது. சந்தோஷத்தில் மண்டோர் விசிலை ஊதிவிட்டார். பக்கத்தில் ஊசியோடு குப்புறப் படுத்திருந்த லாரிக்காரர் பயந்துபோய், ஒயர் தொங்க வாசல்வரை ஓடினார்.

"பாத்தியா, அவன் இடுப்பும் வந்துட்டான்."

திங்களன்று மேனேஜர் முன்னால் கம்பைப் பிடித்தேன். பாதி வலி இன்னும் இருந்தது. பல்லைக் கடித்துத் தூக்கினேன். குலை விழுந்தது. சாலையோரம் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருந்த மண்டோர் கத்தினார்: "தோளு! வந்துட்டான்!" மடியில் புத்தகம். கோடு போட்டுவிட்டுப் போய்விட்டார்.

இப்போது அம்பாங்கானில் மகன் வீட்டில் இருக்கிறார். கை நடுங்குவதால் ஊசியைத் தொடுவதில்லை. ஞாயிறுதோறும் ஐந்துக்கு முன்னாலேயே போய்விடுகிறேன். எனக்கு வலி ஒன்றும் இல்லை. அவர் புத்தகத்தைத் திறந்து என் பெயரைக் கூப்பிடுவார்.

"வந்துட்டேன் மண்டோரே," என்பேன்.