துரை வீட்டுத் திருநீறு

கல்யாணம் நிச்சயமான பிள்ளையை எந்த விருந்துக்கும் தனியாக அனுப்பக் கூடாது. அவன் புத்தியில் பாதி மாப்பிள்ளை முறுக்கில் போயிருக்கும். மீதி மாமனார் மேலுள்ள பயத்தில் போயிருக்கும். அவசரத்துக்கு எடுத்துக்கொள்ள மிச்சம் எதுவும் இருக்காது. நான் சொந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முப்பதுகளின் தொடக்கம். நான் மயிலாப்பூரில் தமிழ் படித்துவிட்டுத் திரிந்த சைவப் பிள்ளை. (படித்துவிட்டுத் திரிந்தேன் என்பதில் 'திரிந்தேன்' என்பதுதான் முக்கியம்.) சாந்தோமில் கடலைப் பார்த்த ஒரு மிஷன் பங்களாவில் துரைக்கும் துரைசானிக்கும் தமிழ் சொல்லிக்கொடுக்கும் முன்ஷி வேலை எப்படியோ கிடைத்தது. தற்காலிகம். ஆனால் எனக்கிருந்த மிடுக்கைப் பார்த்தால் சங்கப் பலகையில் நடுவிடம் கிடைத்தவன் என்று நினைப்பீர்கள்.

நான் சொல்லிக்கொடுத்த தமிழ் அப்பழுக்கில்லாத தமிழ். அதுதான் வினை. ஒரு நாள் துரைசானி பட்டினப்பாக்கத்து மீன்காரி ஒருத்தியிடம் போய், "அம்மையே, இவ்வஞ்சிர மீனின் விலை யாதென இயம்புக" என்றிருக்கிறார். அந்த அம்மாள் கூடையைக் கீழே வைத்துவிட்டு, "இன்னாமா சொல்ற? மந்திரம் கிந்திரம் போடுறியா? மீன் வோணும்னா வாங்கு, இல்லாங்காட்டி நவுரு" என்றாளாம். போதாத காலம், அன்றைக்குத் துரைசானியோடு சீமையிலிருந்து வந்திருந்த பெரிய மிஸ்ஸியம்மாவும் போயிருந்தார். மிஷன் பணம் எங்கே எப்படிச் செலவாகிறது என்று பார்த்துவிட்டுப் போக வந்தவர். மெலிந்த உடம்பு, வெள்ளிக் கண்ணாடி. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்று பங்களா பட்லர் சவரிமுத்து சத்தியம் பண்ணுவான்.

"இரண்டு வருஷம் படித்தும் ஒரு மீன் வாங்க முடியவில்லை. இந்த முன்ஷி நமக்கு எதற்கு?" என்று மிஸ்ஸியம்மா கேட்டுவிட்டார்.

துரை நல்ல மனிதர். மிஷன் பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பண்டிதர் இடம் ஒன்று காலியாக இருந்தது. அதை எனக்கே தரவேண்டும் என்று நினைத்திருந்தவர். "கிறிஸ்துமஸ் விருந்துக்கு வாரும். அம்மையார் உம்மை நேரில் காணட்டும். முடிவு அன்றே" என்றார். அதாவது அன்றைக்கு மிஸ்ஸியம்மாவுக்கு என்னைப் பிடித்தால் நிரந்தர வேலை. பிடிக்காவிட்டால் பழையபடி திரிய வேண்டியதுதான்.

வேலை இல்லையென்றால் கல்யாணமும் இல்லை. எனக்குப் பார்த்திருந்த பெண் கனகவல்லி. அவளுடைய அப்பா அருணாசல முதலியாருக்குத் தெற்கு மாட வீதியில் ஜவுளிக்கடை. முண்டாசு, கழுத்தில் உருத்திராட்சம், நெற்றி நிறையத் திருநீறு. வேலை நிரந்தரமானால் தையில் முகூர்த்தம் என்று சொல்லியிருந்தார். கனகவல்லியை நான் ஒரே ஒரு தடவை, அதுவும் ஓரக்கண்ணால்தான் பார்த்திருந்தேன். அந்த ஒரு தடவையிலேயே, இவள் இல்லாவிட்டால் சன்னியாசம்தான் என்று முடிவு செய்திருந்தேன்.

விருந்து விஷயத்தை மாமனாரிடம் போய்ச் சொன்னேன். புடவையை மடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"போங்க. வேலை வோணுமே. ஆனா மாப்பிள்ளை, ஒண்ணு சொல்லிட்டேன். மார்கழி மாசம் இது. பழம் இளநியோட நிறுத்திக்குங்க. நெத்தில திருநீறு மாறக் கூடாது. அங்க போய் அவங்க வேதத்துல கீதத்துல சேர்ந்துட்டீங்கன்னு சேதி வந்துதோ, என் பொண்ணு எங்க வூட்லயே இருக்கும்."

"ஐயோ, அதெல்லாம் இல்ல மாமா" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று காலையில் கபாலீசுவரரைக் கும்பிட்டு, திருநீற்றைக் குழைத்துப் பட்டை பட்டையாகப் பூசிக்கொண்டேன். இரவல் கோட்டு, எனக்கு முன்னே அது போய்க்கொண்டிருந்தது, அவ்வளவு தொளதொளப்பு. தலையில் மண்டையை நெரிக்கும் தலைப்பாகை. வண்டிக்குக் காசு கொடுக்க மனசில்லாமல் சாந்தோம் வரைக்கும் நடந்தேன். பங்களா வாசலுக்குப் போவதற்குள் வேர்வை வெள்ளமாக ஓடியது. கைக்குட்டையை எடுத்து முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். வேர்வையோடு திருநீறும் போய்விட்டது எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வழியாகப் போன ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது. மனிதர் ஒரே ஓட்டமாகக் கடைக்குப் போய், "உங்க மாப்பிள்ளை நெத்திய அழிச்சிட்டு துரை வூட்டுக்குள்ள போறாரு" என்று வத்தி வைத்திருக்கிறார்.

இதொன்றும் அறியாமல் நான் கூடத்தில் நின்று ஒரு சவுக்கு மரக்கிளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைத் தொட்டியில் நட்டு, வண்ணக் காகிதம் கட்டி, மேலெல்லாம் பஞ்சைப் பிய்த்துப் போட்டிருந்தார்கள். தலையணை ஏதாவது கிழிந்துவிட்டதா என்று துரைசானியிடம் அக்கறையாக விசாரித்தேன். "தலையணை அன்று ஐயா, அது பனி" என்றார். சென்னைப்பட்டினத்தில் பஞ்சு மாதிரிப் பனியா என்று கேட்க நாக்கு துடித்தது. மிஸ்ஸியம்மா பார்த்துக்கொண்டிருந்ததால் "மிக்க குளிர்ச்சி" என்று சொல்லிவைத்தேன்.

மத்தியானச் சாப்பாடு. நீள மேஜையில் துரை, துரைசானி, மிஸ்ஸியம்மா, இன்னும் நாலைந்து வெள்ளைக்கார விருந்தாளிகள். என்னைச் சமையற்கட்டு வாசலை ஒட்டின நாற்காலியில் உட்கார வைத்தார்கள். துரைசானி புண்ணியவதி; எனக்கென்று ஒரு சீப்பு வாழைப்பழமும் இளநீரும் தனியாக வாங்கி வைத்திருந்தார். சும்மா உரித்துத் தின்றிருக்கலாம். நான் நாகரிகம் காட்ட நினைத்துக் கத்தியாலும் முள்கரண்டியாலும் உரிக்கப்போய், முதல் பழம் மேஜையைத் தாண்டி மிஸ்ஸியம்மாவின் மடியில் விழுந்தது. அவர் அதை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். வேலையில் கால்வாசி அப்போதே போய்விட்டது என்று எனக்குப் புரிந்தது.

அதற்கப்புறம்தான் அது நடந்தது.

துரை எழுந்து எல்லாச் சன்னல் கதவுகளையும் சாத்தச் சொன்னார். பட்டப்பகலில் அறை இருண்டுபோனது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். நானும் நின்றேன். ஒருவர் பியானோவைத் தட்ட, மற்றவர்கள் பாட ஆரம்பித்தார்கள். சமையற்கட்டில் கணகணவென்று மணி அடித்தது. கதவு திறந்தது. வெள்ளை உடுப்பில் பட்லர் சவரிமுத்து, இரண்டு கையாலும் ஒரு பெரிய வெள்ளித் தட்டை ஏந்திக்கொண்டு வந்தான். தட்டின் நடுவில் கறுப்பாக, உருண்டையாக ஏதோ ஒன்று. அதன் தலையில் நீலமாகத் தீ எரிந்துகொண்டிருந்தது.

இருட்டு. பாட்டு. மணி. தட்டில் தீ. நீங்களே சொல்லுங்கள், கபாலி கோயில் நிழலில் வளர்ந்தவன் வேறு என்ன செய்வான்?

தட்டு முதலில் என்னிடம்தான் வந்தது. இரண்டு கையையும் நீட்டித் தீயின் மேல் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். "சிவசிவா" என்று வாய்விட்டுச் சொன்னேன். கன்னத்தில் போட்டுக்கொண்டேன். சவரிமுத்து தட்டோடு நின்றுவிட்டான். (பிறகு கேட்டதற்கு, "நீ கைய நீட்டுனியா, என்னியும் அறியாம நின்னுட்டேன் சாமி. ஊர்ல பார்த்த பழக்கம்" என்றான்.) அவன் நின்றதும் நான் தாராளமாகி, மடியிலிருந்து இரண்டணாவை எடுத்துத் தட்டில் போட்டேன். தட்டின் ஓரத்தில் வெள்ளை வெளேரென்று பொடி தூவியிருந்தது. சந்தேகமே இல்லாமல் மூன்று விரலால் அள்ளி நெற்றியில் பட்டையாக இழுத்துக்கொண்டேன்.

பியானோ நின்றது. யாரோ ஒரு சன்னலைத் திறந்தார்கள்.

அந்த வெளிச்சத்தில்தான் அது தின்கிற பண்டம் என்று தெரிந்தது. புட்டிங்காம். அவர்கள் பெருநாளில் அதன் மேல் பிராந்தியை ஊற்றிக் கொளுத்திக் கொண்டுவருவது வழக்கமாம். மது தொடாத மிஷன் வீடு. இதற்கென்று வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் மருந்துப் பெட்டியிலிருந்து பிராந்தி எடுப்பார்களாம். நெற்றியில் நான் பூசியிருந்தது பொடித்த சர்க்கரை.

துரை தொண்டையைச் செருமிக்கொண்டார். "புலவரே, நும் திருக்கரங்களை எம் பணியாரத்தின்மீது நீட்டிய காரணம் யாதோ?" நான் சொல்லிக்கொடுத்த தமிழ் என் தலையிலேயே விழுந்தது.

"என்ன செய்தார் இவர்?" என்று மிஸ்ஸியம்மா ஆங்கிலத்தில் கேட்டார். கனகவல்லியின் முகம் கண் முன்னால் வந்து, முதுகைத் திருப்பிக்கொண்டு போனது. போவது போகட்டும், உள்ளதைச் சொல்லிவிடுவோம் என்று எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னேன்:

"அம்மா, எங்கள் ஊரில் பாட்டோடும் மணியோடும் ஒரு தீபம் எதிரே வந்தால் சும்மா நிற்க மாட்டோம். அது எல்லோருக்குமாக வருவது. தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். எனக்கு வேறு மரியாதை தெரியாது."

மிஸ்ஸியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் போட்டுக்கொண்டார். என் நெற்றியைப் பார்த்தார். பிறகு அவருடைய தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிப்பு! முதலில் சத்தமில்லாமல், அப்புறம் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு. சவரிமுத்து மார்பில் சிலுவைக்குறி போட்டுக்கொண்டான்.

"சன்னலைச் சாத்துங்கள். இன்னொரு தடவை கொளுத்துங்கள்" என்றார்.

துரை முகம் சுளிக்க, மருந்துப் பெட்டி மறுபடி திறந்தது. மறுபடி மணி, மறுபடி பாட்டு. "முதலில் நீங்கள்" என்று மிஸ்ஸியம்மா என்னைப் பணித்தார். ஒற்றிக்கொண்டேன், கேட்டதை மறுக்கக் கூடாது என்று இரண்டாம் பூச்சாகச் சர்க்கரையும் இட்டுக்கொண்டேன். அடுத்து அவரே எழுந்து வந்து, சுருக்கம் விழுந்த கைகளைத் தீயின் மேல் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பின்னாலேயே துரைசானி, விருந்தாளிகள், கடைசியில் துரை. வரிசையாக வந்தார்கள் ஐயா, நம் கோயிலில்கூட அவ்வளவு ஒழுங்கான வரிசையை நான் பார்த்ததில்லை.

"இவரைப் பள்ளிக்கூடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்" என்று மிஸ்ஸியம்மா துரையிடம் சொன்னார். "இவர் கையிலிருக்கும் இலக்கணப் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு, உங்களை வாரம் ஒருமுறை கடைத்தெருவுக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள்."

நான் பறந்துதான் வெளியே வந்தேன். வாசலில் ஒரு ஜட்கா வண்டி. அதிலிருந்து அருணாசல முதலியார் இறங்கிக்கொண்டிருந்தார். மீசை துடித்தது. கல்யாணத்தை முறிக்கிறேன் என்று துரை முன்னாலேயே சொல்லிவிட்டுப் போக வந்திருந்த மனிதர், என் நெற்றியைப் பார்த்து அப்படியே நின்றார். மூன்று பட்டை, இரட்டைப் பூச்சு, மத்தியான வெயிலில் பளபளவென்று மின்னியது.

"அந்தக் கணக்குப்பிள்ளைக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?" என்றார். "துரை வூட்லேர்ந்து வர்ற புள்ள நெத்தியா இது? கபாலி கோயில்லேர்ந்து வர்ற மாதிரி இல்ல கீது! ஏறுங்க மாப்பிள்ளை."

வண்டி நகர்ந்தது. நாலு அடி போவதற்குள் அவர் மூக்கை உறிஞ்சினார். "ஏம்பா, மார்கழி மாசத்துல குடிச்சிட்டா வண்டி ஓட்டுற?"

"ஐய, நா இன்னா பண்ணேன் நைனா?" என்றான் வண்டிக்காரன். "காலீலேர்ந்து கஞ்சித் தண்ணி கூட உள்ள போவல. வாசனை ஒங்க பக்கத்துலேர்ந்து தான் வந்துக்கினு கீது."

"பொய் வேற சொல்றான் பாருங்க மாப்பிள்ளை." நான் கடல் பக்கம் பார்த்தேன்.

அதற்குள் ஈக்கள் வந்துவிட்டன. ஒன்று, இரண்டு, அப்புறம் ஒரு கூட்டமே. மாமனார் துண்டால் விசிறிப் பார்த்தார். பிறகு அவருக்கே ஒரு விளக்கம் தோன்றியது.

"பழநி விபூதியா? பஞ்சாமிர்தம் கலந்ததோ? எனக்கும் கொஞ்சம் குடுங்க" என்று என் நெற்றியிலிருந்தே ஒரு விரல் எடுத்துத் தன் நெற்றியில் இட்டுக்கொண்டு, மிச்சத்தைப் பக்தியோடு வாயில் போட்டுக்கொண்டார்.

வாய் நின்றது. விழி உருண்டது.

"வண்டிய நிறுத்துப்பா" என்றார். "மாப்பிள்ளை, தித்திக்குதே?"

பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. பாட்டு, மணி, பிராந்தி, இரண்டணா, இரண்டாம் பூச்சு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். குதிரை ஒரு தடவை கனைத்தது. மாமனார் தன் நெற்றியைத் தடவி விரலை முகர்ந்து பார்த்தார். நான் மனதுக்குள் காவி வேட்டி கட்டிக்கொண்டு காசிக்குப் புறப்பட்டாகிவிட்டது.

திடீரென்று முண்டாசு ஆடியது. மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"துரை வூட்ல, துரை பண்டிகைல, துரை தின்ற பண்டத்துல கூட ஒனக்குக் கபாலிதான் தெரிஞ்சாரு! ஏழு ஜென்மம் ஆனாலும் யாரு வந்தும் ஒன்னை மாத்த முடியாதுடா!" சந்தோஷத்தில் மாப்பிள்ளை மரியாதையே அவருக்கு மறந்துபோனது. "வேலை?"

"நிரந்தரம், மாமா."

"அப்ப தையில முகூர்த்தம். வண்டிய ஓட்டுப்பா. ஒனக்கு ஒரு கால் ரூபா சேத்துத் தர்றேன், நீ குடிக்கல."

தையில் கல்யாணம் நடந்தது. பள்ளிக்கூடத்தில் தலை நரைக்கும் வரை தமிழ் சொல்லிக்கொடுத்தேன். துரைசானி பட்டினப்பாக்கத்தில் "இன்னாமா, இம்புட்டு வெல சொல்ற?" என்று பேரம் பேசக் கற்றுக்கொண்டதைப் பார்த்துவிட்டுத்தான் சீமைக்குக் கப்பலேறினார். மாமனார் சாகும் வரை இந்தக் கதையைக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் சொன்னார். எங்கள் வீட்டில் சர்க்கரை டப்பாவுக்கு விபூதி மடல் என்றே பெயர் நிலைத்துவிட்டது. பேரப்பிள்ளைகள் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னும் ஒரு பட்டை போடு" என்கிறார்கள்.

போன மாதம் டாக்டர் எனக்கு நீரிழிவு என்று சொல்லி, சர்க்கரையைக் கண்ணாலும் பார்க்கக் கூடாது என்று கண்டித்து அனுப்பினார். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். கனகவல்லி சர்க்கரை இல்லாத காபியை என் முன்னால் வைத்துவிட்டு, டப்பாவையும் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள்.

"சாப்பிடத்தானே கூடாதுன்னாரு?" என்றாள். "எடுத்துப் பூசிக்குங்க."