அகராதிக்குள் போன சேவல்

ஒரு காட்டில் வாழ்ந்த கோழிகளிடம் ஒரு தவறான நம்பிக்கை இருந்தது. அதைத் திருத்தாமல் கதையைத் தொடங்குவது பெரும் பாவம். 'காக்-ஷ்யூர்' என்று ஆங்கிலத்தில் ஓர் உரிச்சொல் உண்டு. காக் என்றால் சேவல், ஷ்யூர் என்றால் நிச்சயம். தனக்குத் தவறே நேராது என்று அசட்டு நிச்சயத்தோடு திரிபவரை அப்படிச் சொல்வார்கள். சேவலின் மிடுக்கைப் பார்த்துத்தான் அந்தச் சொல் பிறந்தது என்று கோழிகள் நம்பின. அதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. தண்ணீர்க் குழாயின் திருகுக்கும் ஆங்கிலத்தில் காக் என்றுதான் பெயர்; அதிலிருந்து வந்திருக்கலாம் என்போரும் உண்டு. அதைவிட முக்கியம், அந்தச் சொல்லுக்கு ஆதியில் 'துளியும் ஆபத்தில்லாத' என்றுதான் பொருள்.

இதைக் கண்டுபிடித்த நாள் முதல் கொண்டையப்பன் என்ற சேவலுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "பள்ளிக்கூடத்துல குரங்குப் பசங்க நம்ம குஞ்சுகளை அந்த வார்த்தை சொல்லித்தானே கேலி பண்றாங்க? பழைய பொருளையே போடச் சொல்றேன்" என்று மனைவி புள்ளியம்மாவையும் இழுத்துக்கொண்டு அகராதி அலுவலகத்துக்குக் கிளம்பியது.

அங்கே பதிப்பாசிரியர் ஒரு நரி. புள்ளியம்மாவுக்கு அதுவே பிடிக்கவில்லை.

கொண்டையப்பன் நீட்டிய விண்ணப்பப் படிவத்தை நரி நிதானமாகப் படித்தது. "எடுத்துக்காட்டு இல்லாமல் எந்தப் பொருளையும் அச்சேற்றுவதில்லை ஐயா. ஒரு சேவல் என் அறையில் ஐந்து நிமிடம் இருந்துவிட்டு முழுசாக வெளியே வரட்டும். பழைய பொருளையே போட்டுவிடுகிறேன்."

"வரலேன்னா?" என்றது புள்ளியம்மா.

"அதுவும் வீண்போகாது அம்மா."

"என்னங்க, வாங்க வீட்டுக்குப் போயிடலாம்."

"அட, சும்மா இரு! எவ்வளவு படிச்சவர், மூக்குக் கண்ணாடியைப் பார்த்தாலே தெரியலையா? எனக்கு ஒண்ணும் ஆகாது, நிச்சயம். வாசல்ல கொடுத்த வரிசை டோக்கனைப் பத்திரமா வெச்சுக்கோ."

கதவு மூடியது. புள்ளியம்மா டோக்கனைக் காலடியில் அழுத்திக்கொண்டு சுவர்க் கடிகாரத்தையே பார்த்தது. நான்காவது நிமிடத்தில் கதவு திறந்தது. நரி மட்டும் வந்தது. மீசையில் ஒட்டியிருந்த இறகை எடுத்து மையில் தோய்த்து, இப்போதைய பொருளையே அழகாக எழுதியது: 'அசட்டு நிச்சயமுள்ள. எ.கா.: கொண்டையப்பன்.'

வரிசையில் அடுத்து நின்ற கழுதை, தன் பெயரை வசைச்சொல் பட்டியலிலிருந்து நீக்கக் கோரும் விண்ணப்பத்தை மென்று விழுங்கிவிட்டு வீட்டுக்குப் போனது.

நீதி: அகராதிக்குள் பொருளாக நுழையலாம், எடுத்துக்காட்டாக நுழையக் கூடாது.