வளைவுக்கு அங்கால ஒரு சோடி செருப்பு

பார்க்காத பொருளைப் பார்த்தவன் மாதிரிச் சொல்லிக்கொடுப்பது சித்திர ஆசிரியர்களின் பிறப்புரிமை. கல்லடி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருடம் அந்த உரிமையைத் தாராளமாக அனுபவித்தவன் நான்.

முக்கியமாக ஏதென்ஸின் பார்த்தினன் கோயில் விஷயத்தில். அதன் படிகள் நேராகத் தெரியும், ஆனால் நேரில்லை. நடுவில் அரைச் சாண் அளவுக்கு மெல்ல மேலெழும்பியிருக்கும். நேராகக் கட்டினால் நடு தொய்ந்ததுபோல் தோன்றும் என்று கல்லையே வளைத்தார்களாம். இதைச் சொல்லும்போது எனக்கு ஒவ்வொரு வருடமும் புல்லரிக்கும். ஒருநாள் பின்வரிசை வாங்கிலிருந்து ஒரு மாணவி எழும்பி, "சேர், நீங்க அதப் பாத்திருக்கீங்களா?" என்றாள். மணி அடித்து என்னைக் காப்பாற்றியது. (கேள்வி மட்டும் வீடுவரை வந்துவிட்டது.)

ஆகவே ஓய்வுபெற்றதும், சுவிஸிலிருக்கும் மகள் எங்களைக் கூப்பிட்டபோது ஒரேயொரு நிபந்தனை விதித்தேன்: மூன்று நாள் ஏதென்ஸ். என் மனைவி வசந்தி வவுணதீவில் வயல்காரக் குடும்பத்தில் பிறந்தவள்.

"வளைவப் பாக்கவா பிளேன் ஏறிப் போற? எங்கட வயல் வட்டையில எல்லா வரம்பும் வளைஞ்சுதானே கிடக்கு" என்றாள்.

மலையேறி வாசலை அடைந்ததும் என் கை தானாகச் செருப்பைக் கழற்றிவிட்டது.

"சாமியே இல்லாத கோயிலுக்கு என்னத்துக்குச் செருப்பக் கழட்டுறீங்க?"

"சாமி போனா என்ன, கட்டினவன்ட கை இருக்கு" என்றேன். நல்ல வசனம்தான். ஆனால் ஆனி மாத வெயிலில் பளிங்குக்கல் வசனம் கேட்பதில்லை. செருப்பு வைக்க ஓர் இடமும் இல்லாததால் அதைக் கையில் பிடித்துக்கொண்டு, தீமிதிப்புக்கு நேர்ந்தவன்போல் உள்ளே போனேன்.

வளைவை நிரூபிக்க ஒரு வழி வாசித்து வைத்திருந்தேன். படியின் ஒரு நுனியில் ஏதாவது பொருளை வைத்துவிட்டு, மறு நுனியில் கண்ணைப் படிமட்டத்துக்குப் பதித்துப் பார்க்க வேண்டும். படி வளைந்திருந்தால் நடு மறைத்து, பொருள் தெரியாது. பொருளுக்கு எங்கே போவது? கையில்தான் இருந்ததே. தடுப்புக் கயிற்றுக்குக் கீழால் செருப்புச் சோடியைப் படியில் வைத்துவிட்டு, அந்த நீளம் முழுவதும் வெறுங்காலால் திரும்பி ஓடிவந்து, கயிற்றுக்குள் தலையை நீட்டிக் குப்புறப் படுத்தேன். கன்னம் தோசைக்கல்லில் வைத்ததுபோல் இருந்தது. அசையவில்லை. இருபத்தாறு வருடத்து மானம்.

வெயிலில் கூசிய கண்ணுக்கு முதலில் வெள்ளை வெளிச்சம்தான். விசில் சத்தத்தோடு காவல்காரப் பெண் ஒருத்தி ஓடிவந்து வசந்தியிடம், இவருக்கு என்ன, மயக்கமா என்று ஆங்கிலத்தில் விசாரித்தாள். என்னைப் பற்றி உலகம் அறியவேண்டியதை வசந்தி மூன்றே சொல்லில் அறிவித்தாள்:

"ஆல்வேய்ஸ் லைக் திஸ்."

தீராத நோய் வருத்தம் என்று விளங்கிக்கொண்ட அந்தப் பெண், வானொலிக் கருவியில் பேசியபடி மறு நுனிப் பக்கமாகப் பறந்தாள்.

என் கண் மெல்லத் தெளிந்தது. படி ஓடியது, மெல்ல எழும்பியது, முடிந்தது. அதற்கப்பால் வெறும் வானம்.

"வசந்தி, செருப்புத் தெரியல்ல" என்று கத்தினேன். "மெய்யாத் தெரியல்ல. வளைவு இருக்கு!"

கண்ணீர்கூட வந்தது. (வெயிலால் என்று அவள் இன்றும் சாதிக்கிறாள்.) அப்போது பின்னால் சக்கரம் உருளும் சத்தம். திரும்பினேன். காவல்காரப் பெண் ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். இருக்கையில், ஒழுங்காக அடுக்கி, என் செருப்பு.

அவள் எடுத்தது நான் பார்ப்பதற்கு முன்னா, பின்னா? கேட்டேன். நோயாளிகளைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பொன்று சிரித்தாள். திருப்பி வை, இன்னொருதரம் படுக்கிறேன் என்று கெஞ்சினேன். இருவர் பிடித்து நாற்காலியில் இருத்தி, மின்தூக்கியில் கீழே இறக்கிவிட்டார்கள். கால் கொப்பளித்திருந்ததால் கௌரவமாக மறுக்கவும் முடியவில்லை.

வளைவை நான் பார்த்தேன் என்றுதான் இன்றும் சொல்கிறேன். வீட்டில் ஒருவரும் நம்புவதில்லை. கல்லடியில் எது காணாமல் போனாலும், வீட்டுப் பூட்டின் திறப்போ, குடையோ, என் மூக்குக்கண்ணாடியோ, வசந்தி குசினி அடுப்படியிலிருந்தே சொல்வாள்:

"வளைவுக்கு அங்கால கிடக்கும். படுத்துப் பாருங்க."

கண்ணாடி பெரும்பாலும் கட்டிலுக்குக் கீழேதான் கிடக்கிறது. ஆகவே படுத்துத்தான் பார்க்கிறேன்.