மன்றம் பார்க்க வந்த வீடு

“சோபா உள்ள வரணும்னா, நீங்க வெளிய வரணும்,” என்றார் விழா அதிகாரி.

நூற்பாளர் தம் வீட்டு வாசலில் நின்றபடி, வீட்டைவிடப் பெரிதாகத் தெரிந்த அந்தச் சோபாவைப் பார்த்தார். ஓர் அறை, ஓர் அடுப்படி. அதற்கு மேல் அந்த வீட்டுக்கு அகலமும் இல்லை, ஆசையும் இல்லை. நூற்பாலையின் வாயில் பூட்டப்பட்ட நாள் முதல் அவருக்கு வேலையும் இல்லை. நூற்பாளர் என்னும் பெயர் மட்டும், கழற்ற மறந்த சீருடையைப் போல அவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

பொருளாதாரக் கூட்டுறவு மன்றம் என்று ஒன்று உண்டு. பல நாடுகள் கூடிப் பேசும் அவை. அதன் தலைமை நாடு நாடாகச் சுற்றி, இந்த ஆண்டு இந்த நாட்டின் மடியில் வந்து விழுந்திருந்தது. விழுந்ததுதான் தாமதம்: எரியாத தெருவிளக்குகள் எரிந்தன, சாக்கடைக்கு மூடி வந்தது, சுவர்தோறும் ‘எவரையும் வெளியே நிறுத்தாத வளர்ச்சி’ என்ற முழக்கம் வந்தது. அந்த முழக்கத்தை மெய்ப்பிக்க, ஒரு தொழிலாளியின் இல்லத்தை வெளிநாட்டுப் பிரதிநிதி ஒருவர் நேரில் பார்வையிடுவார் என்று முடிவாயிற்று. நூற்பாளர் வீட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். அதற்குக் காரணம் அவருடைய வறுமையன்று, வாய்மையுமன்று. அது தெருமுனை வீடு. கார் திருப்ப வசதி.

நூற்பாளர் இசைந்ததற்கும் காரணம் இருந்தது. ஆலையைத் திறக்கச் சொல்லி அவர் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. போன இடமெல்லாம், “எங்க கையில இல்லை, மேல சொல்லணும்,” என்றே கைவிரித்தார்கள். இன்று அந்த ‘மேல’ தானே வீடு தேடி வருகிறது. அதன் காதில் ஒரே ஒரு வாக்கியம் போட்டுவிட வேண்டும்: ஆலையைத் திறக்கச் சொல்லுங்கள். அதற்காக அவர் எதையும் பொறுத்துக்கொள்வார்.

அவர் எதையும் பொறுத்துக்கொள்வார் என்பதை அதிகாரி சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்.

சோபா நுழையவில்லை, கதவைக் கழற்றினார்கள். அப்போதும் நுழையவில்லை, நிலையைப் பெயர்த்தார்கள். நுழைந்தது. நுழைந்த பிறகு கட்டிலுக்கு இடமில்லை. கட்டில் தெருவுக்கு வந்தது. தெருவில் கட்டில் கிடந்தால் நாட்டின் மானம் என்னாவது? லாரி வந்து அதை அள்ளிக்கொண்டு போனது.

“எங்க கொண்டு போறாங்க?” என்று கேட்டார் நூற்பாளர்.

“மாநாடு முடிஞ்சதும் திரும்பி வரும்.”

“கதவு?”

“அதுவும்தான்.”

“ஆலையையும் இப்படித்தான் பூட்டினாங்க,” என்றார் மனைவி அடுப்படியிலிருந்து. “பஞ்சு வந்ததும் திறந்துடுவோம்னு.”

சோபாவின் பளபளப்பில் சுவர் அழுக்காகத் தெரிந்தது, வெள்ளையடித்தார்கள். வெள்ளையின் பளபளப்பில் நூற்பாளரே அழுக்காகத் தெரிந்தார்; புதுச்சட்டை வந்தது. சட்டை அவர் உடம்பில் கொடியில் காய்வதுபோல் தொங்கியது. அதிகாரி எட்டி நின்று பார்த்தார், கிட்டே வந்து பார்த்தார், பெருமூச்சு விட்டார்.

“கொஞ்சம் சதை போட முடியுமாங்க?”

“எத்தனை நாளுக்குள்ள?”

“நாளைக்குள்ள.”

“நீங்க சோறு போடுங்க. நான் முயற்சி பண்றேன்.”

அதிகாரி சிரிக்கவில்லை. தொலைபேசியில் யாரிடமோ பேசினார். மாலைக்குள் ஒரு நாடகக் குழுவிலிருந்து கொழுத்த கன்னங்களோடு ஒருவர் வந்து இறங்கினார். ஆண்டாண்டாக அரசர் வேடம் கட்டியவர். அவர் சோபாவில் சாய்ந்த மாத்திரத்தில் வீட்டுக்கே ஒரு வளர்ச்சி வந்துவிட்டது.

“அப்ப நான்?” என்றார் நூற்பாளர்.

“வீடு உங்களுதுதான், யாரு இல்லைன்னா? நாளைக்கு ஒரு நாள் மட்டும் அவரு நீங்க.”

“என் சம்சாரம்?”

“அவங்க அப்படியே இருக்கட்டும். முகத்துல பொறுமை நல்லாத் தெரியுது.”

“இது பொறுமை இல்லீங்க,” என்றார் மனைவி.

நூற்பாளர் மனைவியைத் தனியே அழைத்தார். “நீயாவது அவர்கிட்ட ஆலையைப் பத்திச் சொல்லிடு.”

அதிகாரிக்குப் பாம்புக் காது. “அம்மாவுக்கு வசனமே கிடையாது. சிரிப்பு மட்டும்தான்.”

பிடுங்கப்பட்ட கதவுக்காக நூற்பாளர் வாதாடவில்லை. பறிபோன கட்டிலுக்காகவும் வாதாடவில்லை. ஆனால் அந்த ஒற்றை வாக்கியத்துக்காக, அதிகாரியின் முன்னால் கைகட்டிக் கெஞ்சினார். ஒரு மூலையில் நிற்கவாவது இடம் வேண்டும் என்றார். அதிகாரி யோசித்தார். அவர் யோசித்தபோதெல்லாம் இந்தக் குடும்பத்துக்கு ஒன்று குறைந்திருக்கிறது.

“வளர்ந்த குடும்பம்னா, ஒரு வேலைக்காரர் இருந்தா எடுப்பா இருக்கும். தட்டு தூக்குவீங்களா?”

தாம் கட்டிய வீட்டில், தம் மனைவியின் முன்னிலையில், தம் பெயரைச் சூடிக்கொண்ட வேறொருவருக்கு ஏவலாளாக நிற்பதா? நெஞ்சு கொதித்தது. ஆனால் தட்டு ஏந்துகிறவனால்தான் விருந்தாளியின் காதருகே குனிய முடியும். நூற்பாளர் தலையசைத்தார்.

“போங்க, புது எஜமான் கூப்பிடுறாரு,” என்றார் மனைவி. அந்தக் குரலில் கேலி பாதி. மீதி, அவரே அறியாமல் கரகரத்தது.

மறுநாள் கார்கள் வந்தன. கறுப்புக் கோட்டும், தொப்பியும், முகத்தில் பாதியை மறைத்த கறுப்புக் கண்ணாடியுமாகப் பிரதிநிதி இறங்கினார். பின்னால் ஒரு மொழிபெயர்ப்பாளர். அவர் பின்னால் காமிராக்கள். பிரதிநிதி சோபாவைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், “உம்,” என்றார்.

“இத்தனை குறுகிய காலத்தில் இத்தகைய வளர்ச்சியை எங்கள் நாட்டில்கூடக் கண்டதில்லை என்கிறார்,” என்று மொழிபெயர்த்தார் மொழிபெயர்ப்பாளர்.

“அவரு உம்னுதானே சொன்னாரு?” என்றார் மனைவி, சிரிப்பைக் கலைக்காமல்.

“அவங்க பாஷை ரொம்பச் சுருக்கம்மா.”

குடும்பத் தலைவராக வீற்றிருந்த நடிகரிடம் தொழில் என்னவென்று கேட்கப்பட்டது. சோபாவும் கூட்டமும் காமிராவும் சேர்ந்து அவரைப் பழைய மேடைக்கே இழுத்துச் சென்றுவிட்டன. மார்பை நிமிர்த்தினார்.

“ஆளுவது எம் தொழில். எம் குடிகளுக்கு யாதொரு குறையும் இல்லை.”

அதிகாரிக்கு வேர்த்துக் கொட்டியது. “ஆலையில பெரிய பொறுப்புல இருக்காரு, அதைச் சொல்றாரு,” என்று பாய்ந்து வந்தார். “நம்ம நூற்பாலை இப்போ ராத்திரி பகலா ஓடுது.”

எல்லாரும் கைதட்டினார்கள். காமிராக்கள் அதைப் பதிந்துகொண்டன.

நூற்பாளர் தட்டோடு பிரதிநிதியை நெருங்கினார். பூட்டிய ஆலை, அவர் கண்ணெதிரே, அவர் வீட்டிலேயே ஓடத் தொடங்கிவிட்டது. ஓடுகிற ஆலையை இனி யார் திறப்பார்கள்? இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் இல்லை. தேநீரை நீட்டுகிற சாக்கில் குனிந்தார். மொழி தெரியாத மனிதர் என்பது அவருக்கு நினைவில்லை. இருந்திருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டார்.

“ஐயா, அது பொய்ங்க. ஆலை பூட்டிக் கிடக்கு. நாங்க எல்லாரும் தெருவுல நிக்கிறோம். நீங்க ஒரு வார்த்தை சொன்னா திறப்பாங்க. ஆலையைத் திறக்கச் சொல்லுங்க.”

கோப்பையை வாங்கிய கை அந்தரத்தில் நின்றது. கறுப்புக் கண்ணாடி மெல்லத் திரும்பியது. பிரதிநிதி காமிராவைப் பார்த்துச் சிரித்தபடியே, உதடு அசையாமல் சொன்னார்:

“மெதுவாப் பேசுங்கண்ணே, நிஜ ஆளு வர முடியாதுன்னுட்டாராம், நான் நம்ம ஆலையில சாயப் பிரிவு.”