எல்லோருக்கும் முதல் வரிசை

உலக அமைதியைப் பற்றி முடிவெடுக்க விழாக் குழு கூடியபோது, முதல் பொருளாக நாற்காலி எடுத்துக்கொள்ளப்பட்டது.

விழாவின் முழுப்பெயர் ‘அமைதிக்கும் சமூக நீதிக்குமான மக்கள் திரைப்பட விழா’. பெயர் இவ்வளவு நீண்டுவிட்டதால், எந்தப் படம் எப்போது என்று போட பேனரில் இடமில்லாமல் போனது. புரவலரின் முகத்துக்கு மட்டும் எப்படியோ இடம் கிடைத்துவிட்டது.

கூட்டத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, ஒருத்தி மட்டும் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். ஜவுளிக்கடையில் திரைச்சீலைப் பிரிவில் பதினாலு வருஷமாகத் துணி அளப்பவள். எல்லோருக்கும் மீட்டர் அக்கா. அவளும் கூட வேலை செய்யும் ஏழு பெண்களும் சேர்ந்து ஃபோனில் எடுத்த எட்டு நிமிஷப் படம்தான் விழாவின் தொடக்கப் படம்.

படத்தில் முகமே கிடையாது, எடுத்தவர்கள் பேரும் கிடையாது. வெறும் கால்கள். காலையில் ஷட்டரைத் தூக்கியதிலிருந்து ராத்திரி இறக்குகிறவரை நிற்கிற கால்கள். செருப்பைக் கழற்றிவிட்டு ஒன்றையொன்று தேய்த்துக்கொள்கிற, சாயங்காலமானால் வீங்கிப்போகிற கால்கள். முகத்தைக் காட்டினால் வேலை போய்விடும். ஏனென்றால் விழாவின் புரவலரும் கடை முதலாளியும் ஒரே ஆள். அவர் படத்தைப் பார்க்க வேண்டும், மனம் இரங்க வேண்டும், கூட்டமில்லாத நேரத்தில் உட்கார ஆளுக்கொரு ஸ்டூல் போட வேண்டும். மீட்டர் அக்கா கேட்டது அவ்வளவுதான், அரண்மனையை எழுதிவைக்கச் சொல்லவில்லை.

பண்பாட்டு அலுவலகத்திலிருந்து வந்திருந்த அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு சுற்றறிக்கையை வாசித்தார். “மேற்படி விழாவில் இருக்கைகளிடையே உயர்வு தாழ்வு எவ்விதத்திலும் காணப்படலாகாது. எனினும், அவரவர் பதவிக்குரிய மரியாதை எள்ளளவும் குறையலாகாது.”

“ரெண்டையும் எப்படி சார் ஒண்ணாச் செய்யறது?” என்றார் செயலாளர். சணல் பையும் தடித்த கண்ணாடியும் போட்டவர். ‘உரையாடல்’ என்ற சொல் இல்லாமல் தண்ணிகூடக் கேட்கமாட்டார்.

“அது உங்க பொறுப்பு. சுற்றறிக்கை அனுப்பறதோட எங்க பொறுப்பு முடிஞ்சுது.”

கால் மணி நேரத்தில் சோபா ஒழிக்கப்பட்டது. அரை மணியில் மெத்தை வைத்த நாற்காலி ஒழிந்தது. ஒரே நிறத்தில் பிளாஸ்டிக் நாற்காலி என்று முடிவாகி எல்லோரும் நெற்றி வியர்வையைத் துடைத்த நேரத்தில், செயலாளருக்கு ஒரு ஞானம் பிறந்தது.

“ரெண்டாவது வரிசைன்னு ஒண்ணு இருந்தாலே அது தாழ்வுதானே? இதுல ஒரு உரையாடல் தேவைப்படுது.”

உரையாடல் நடந்தது. சிறப்பு விருந்தினர்கள் அறுபத்து நாலு பேர். தான் முதல் வரிசைக்குரியவர் என்பதில் அறுபத்து நாலு பேருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. ஆகவே, முதல் வரிசையைத் தவிர வேறு வரிசையே இருக்கக்கூடாது என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

“இந்தம்மாவை விட்டு ஹாலை அளந்துடலாமே,” என்றார் அதிகாரி.

மீட்டர் அக்கா கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து சுவருக்குச் சுவர் அளந்தாள். “பதினோரு மீட்டர் சார். நாற்காலிக்கு அரை மீட்டர் போட்டா இருபத்திரண்டு பேர்.”

“மத்தவங்க?”

“கதவைத் திறந்து வெச்சா வரிசையை அப்படியே தெருவுல நீட்டலாம் சார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போகும்.” கிண்டலுக்குத்தான் சொன்னாள். அதிகாரி குறித்துக்கொண்டார்.

“அங்க உக்கார்ந்தா படம் தெரியுமா?”

“தெரியாது சார்.”

“ஆனா முதல் வரிசைதானே?”

“அதுல சந்தேகமே இல்லை சார்.”

அதிகாரிக்குப் பரம திருப்தி. ஆனால் தெருவில் நாற்காலி போடுவது பொது அமைதிக்குக் குந்தகம் என்று, ஃபோனில் கேட்டதற்குப் போலீசிடமிருந்து பதில் வந்துவிட்டது. அப்படியானால் அந்த இருபத்திரண்டு பேர் யார் யார் என்ற பேச்சு எழுந்தது. அமைதியை விரும்புகிறவர்கள் இவ்வளவு சத்தம் போட முடியும் என்று மீட்டர் அக்கா அன்றுதான் தெரிந்துகொண்டாள். செயலாளரின் சணல் பைக்குக் காது அறுந்தது. கடைசியில் அதிகாரி மேஜையைத் தட்டினார்.

“பிரச்சினையே நாற்காலிதான். அதை எடுத்துடுங்க. எல்லாரும் நிக்கட்டும்!”

மீட்டர் அக்காவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்?

வீட்டுக்குப் போய் புருஷனிடம் சொன்னாள். அவன் பஸ் டிரைவர். “நின்னு நின்னு உனக்குக் கால் போச்சு, உக்கார்ந்து உக்கார்ந்து எனக்கு இடுப்பு போச்சு. உன் முதலாளியை என் சீட்டுல ஒரு வாரம் உக்கார வெச்சு இன்னொரு படம் எடு,” என்றான்.

விழா நாளில் முன்னூறு பேர் நின்றார்கள். முதல் அதிசயமாக, விழாக் குழுத் தலைவர் நாலே நிமிஷத்தில் பேச்சை முடித்தார். அதிகாரி மூன்று. ஊரில் இப்படியொரு விழா நடந்ததே இல்லை என்று ஜனங்கள் மனமாரக் கைதட்டினார்கள்.

படம் ஓடத் தொடங்கியது. திரையில் ஒரு கால் இன்னொரு காலைத் தேய்த்தது. கீழே அதிகாரி இடது காலிலிருந்து வலது காலுக்கு மாறினார்.

“எவ்வளவு நேரம்மா இது?” என்று குனிந்து கேட்டார்.

“எட்டு நிமிஷம் சார்.”

“இன்னும் எவ்வளவு?”

“ஏழு சார்.”

ஐந்தாவது நிமிஷம் செயலாளர் சணல் பையைத் தரையில் போட்டு அதன்மேல் உட்காரப் பார்த்து, நாலு பேர் முறைத்ததும் எழுந்துகொண்டார். முதலாளிக்குக் காலில் ஆணி. ஷூவைக் கழற்றிவிட்டு, திரையில் தெரிந்த கால்களைப் போலவே ஒன்றன்மேல் ஒன்றை வைத்துத் தேய்த்தார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. ஆணியோ, அனுதாபமோ, எதுவாக இருந்தால் என்ன?

படம் முடிந்ததும் அவரே மைக்கைப் பிடித்தார். “இனிமே என் கடையில ஒரு கால்கூட நோகக்கூடாது! நாளைக்கே நாப்பது ஸ்டூல்!”

அரங்கம் அதிர்ந்தது. எட்டுப் பெண்களும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். அன்று ராத்திரி மீட்டர் அக்காவுக்குக் கால் வலியே தெரியவில்லை.

சொன்னது சொன்னபடி மறுநாள் நாற்பது ஸ்டூல் வந்திறங்கியது. ஒவ்வொன்றிலும் ‘சமூக நீதி விழா நினைவாக’ என்று எழுதியிருந்தது. சூப்பர்வைசர் அவற்றைக் கவுன்டருக்கு வெளியே, துணி எடுக்க வருகிறவர்கள் பக்கமாக வரிசையாகப் போட்டார்.

“சார், இந்தப் பக்கம்,” என்றாள் மீட்டர் அக்கா.

“எந்தப் பக்கம்? படத்துல முகமே இல்லையே. வாடிக்கையாளருங்க கால்னுதான் முதலாளி நெனச்சார். ‘என் கடைக்கு வர்றவங்க இவ்வளவு கஷ்டப்படறாங்களா’ன்னு மனுஷன் சாப்பிடவே இல்லையாம்.”

“ஐயோ, அது எங்க கால் சார்!”

“அப்படியா? யார் யார் காலுன்னு பேர் எழுதிக் குடுங்க, முதலாளிகிட்ட சொல்லிடறேன்.” சூப்பர்வைசர் பேனாவை நீட்டினார்.

எட்டுப் பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பேனாவை யாரும் வாங்கவில்லை.

மாதக் கடைசியில் அதிகாரி குடும்பத்தோடு திரைச்சீலை எடுக்க வந்தார். ஸ்டூலில் சௌகரியமாக உட்கார்ந்து, “ஒரு படம் எவ்வளவு பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்திருக்கு பாத்தியா,” என்று மனைவியிடம் பெருமைப்பட்டார். மீட்டர் அக்கா நின்றபடி பதினெட்டாவது உருளையைப் பிரித்துக் காட்டினாள். அவருக்குப் பிடித்தது முதல் உருளைதான்.

அடுத்த விடுமுறையில் மீட்டர் அக்கா செருப்பு வாங்கப் போனாள். குளிர்ந்த கடை, மெத்தென்ற இருக்கை. காலை நீட்டி உட்கார்ந்தபோது சொர்க்கமாக இருந்தது. கடைப் பெண் ஆறு ஜோடி கொண்டுவந்தாள்.

“இதே மாதிரி கருப்புல இருக்காம்மா? அப்படியே பின்னால வார் வெச்சதும் ரெண்டு எடுத்துட்டு வா.”

பத்தாவது ஜோடியோடு வந்த பெண் ஒரு காலை இன்னொரு காலால் மெல்லத் தேய்த்துக்கொண்டாள். மீட்டர் அக்காவுக்குச் சுருக்கென்றது. அந்தத் தேய்ப்பைப் படமெடுத்தவளே அவள்தானே. வெட்கத்தோடு சடாரென்று எழுந்து, “நீ செத்த உக்காரும்மா,” என்றாள்.

கல்லாவிலிருந்து கடைக்காரர் ஓடிவந்தார். “ஏய், கஸ்டமரையா எழுந்து நிக்க வெக்கற? உன் பேர் என்ன?” என்று அந்தப் பெண்மேல் பாய்ந்தார்.

பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. “அக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், உக்காருங்கக்கா.”

மீட்டர் அக்கா உட்கார்ந்தாள்.